கேட்டு வாங்கிய வெயில்

சோலார் பலகை வந்து சேர்ந்த அன்று அதைப் பிரித்துக் காட்டியபோது, "இதை எந்தப் பக்கம் போட்டு உக்கார்றது?" என்று அம்மா கேட்டாள். மடித்து, பெட்டி மாதிரிக் கைப்பிடி வைத்திருந்ததால் அவளுக்கு அது ஏதோ புதுவிதப் பாயாகத் தெரிந்திருக்கிறது. இது வெயிலைக் கரண்டாக்கும், கூட வந்திருக்கிற டப்பாவில் சேர்த்து வைக்கும், டப்பாவிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் என்று விளக்கினேன்.

"வெயிலைப் புடிச்சு டப்பாவுல அடைக்கறாளாமா எம்மவ," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா பலகையைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிவந்து பார்த்தார். தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் புதுக் கார் வந்தபோதும் அவர் அப்படித்தான் சுற்றிவந்து பார்த்தார். இது நான் என் சம்பளத்தில் வாங்கியது, தாராளமாகத் தொடலாம் என்று சொன்னேன். "இருக்கட்டும் சாமி" என்றார்.

நாங்கள் இருப்பது கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பில். தோப்பு எங்களுடையது இல்லை. அப்பா அங்கே பண்ணையத்து ஆள். தண்ணீர் கட்டுவது, மாடுகளைப் பார்ப்பது, காய் போடும்போது கூட நிற்பது எல்லாம் அவர். அம்மா தேங்காய் உடைக்கவும் கொப்பரை காயப்போடவும் போவாள். நாங்கள் குடியிருக்கும் சாளையும் தோட்டத்துக்காரருடையதுதான். ஓடு வேய்ந்த ஓர் அறை, முன்னால் சமைக்க ஒரு சாய்ப்பு. நான் பிறந்ததே அங்கேதான்.

முன்பு மோட்டார் ரூமிலிருந்து ஓர் ஒயர் சாளைக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும். விவசாயத்துக்குத் தரும் இலவசக் கரண்டை வீட்டுக்கு இழுத்தால் கேஸ் போடுவார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆட்கள் வந்து சோதித்துவிட்டும் போனார்கள். அன்றே தோட்டத்துக்காரர் ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றியவரும் அப்பாதான். சாளைக்குத் தனியாக இணைப்பு வாங்க வேண்டுமென்றால் நிலத்துக்காரர் சம்மதம் எழுதித் தர வேண்டும். அப்பா கேட்கும்போதெல்லாம் அவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அப்பா பேரில் கரண்டு பில் வந்துவிட்டால் நாளைக்கு இடத்துக்கும் பாத்தியம் கொண்டாடுவோமோ என்று அவருக்கு ஒரு பயம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் கைநாட்டு. உக்கடத்தில் பஸ் மாறிப் போகிற கல்லூரியில் படித்து முடித்து, கோயம்புத்தூரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆன்லைனில் துணி விற்கும் கடை ஒன்றுக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. சட்டை இறுக்கமாக இருக்கிறது, புடவையின் நிறம் படத்தில் இருந்ததுபோல இல்லை என்று எங்கெங்கிருந்தோ ஆங்கிலத்தில் திட்டுவார்கள். நான் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். என் மேல் கோபமாக வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். எங்கள் அம்மா கனவிலும் பேசாத மொழியில் நான் ஒருவரைச் சமாதானப்படுத்துகிறேனே என்று.

சேர்ந்த கொஞ்ச நாளில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த மாடியைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். ஹாஸ்டலில் என்னோடு இருந்த பெண்கள் சந்தோஷமாகப் பெட்டி கட்டினார்கள். அவர்கள் வீடுகளிலெல்லாம் ப்ளக் பாயிண்ட் இருந்தது.

முதலில் தோட்டத்துக்காரர் வீட்டுக்குத்தான் சார்ஜ் போடப் போனேன். அவர்கள் வீடு தோப்பின் முன்பக்கம், தார் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வெளி வராந்தாவில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு ப்ளக் உண்டு. அங்கே கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பேன். வீட்டம்மா நல்லவர். "சார்ஜ் போட வந்தயா கண்ணு" என்பார். எல்லோருக்கும் காப்பி கொண்டுவரும்போது எனக்கும் வரும். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். எனக்காகவே ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கி ஜன்னல் மேல் வைத்திருந்தார். இன்னொரு வாய் காப்பி ஊற்றிக்கொள்ளச் சொல்லி அன்பாகத்தான் வற்புறுத்துவார். குடித்துவிட்டு நானே அதைக் கசக்கி, அவர்கள் குப்பைத் தொட்டியில் போடாமல் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வருவேன்.

அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் சோலார் பலகையைத் தேடினேன். இடம், தண்ணீர், கரண்டு, மாட்டுக்குச் சோளத்தட்டு, கல்யாணத்துக்குப் போக லீவு, எல்லாவற்றையும் நாங்கள் அந்த வீட்டில் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். கேட்காமல் எங்களுக்கென்று ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. வெயிலை யாரிடம் கேட்க வேண்டும்? கம்பெனியில் என்னை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. ஆக்கிவிட்டால் ஊருக்குள் மீட்டர் வைத்த வீடு ஒன்று பார்த்து அப்பா அம்மாவை அழைத்துப் போய்விடலாம். அதுவரைக்கும் வெயில் போதும் என்று கணக்குப் போட்டேன்.

சாளைக்கு முன்னால் பலகையை விரித்தபோது கணக்கு தப்பியது. தென்னந்தோப்பில் வெயில் கிடையாது, வெயில் துண்டுகள்தான் உண்டு. பலகையில் ஒரு மூலையில் ஓலை நிழல் விழுந்தாலும் டப்பாவில் சார்ஜ் காட்டும் எண் படுத்துவிடும். நானும் நிழல் நகர நகர அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. அணைந்தது அன்றைக்கு இரண்டாவது தடவை. இப்படியே அடிக்கடி காணாமல் போனால் நிரந்தரம் ஆக்குவது கஷ்டம் என்று டீம் லீடர் செய்தி அனுப்பினாள். அவளும் கோயம்புத்தூர்க்காரிதான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்.

தோப்பில் முழு வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று, கொப்பரை காயும் களம். சிமெண்டு பூசிய அகலமான தரை. ஓரத்தில் மூட்டை அடுக்க ஒரு தகரக் கொட்டகை. கொட்டகை நிழலில் நான் உட்கார்ந்துகொண்டு, பலகையைக் களத்து மூலையில் விரித்தால் சாயங்காலம் வரை கவலையில்லை. "நாளையிலிருந்து களத்து மூலையில் போடப் போறேன்" என்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் பலகையோடு நான் போனபோது களத்தில் தோட்டத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வாயெல்லாம் சிரிப்பு.

"வா கண்ணு. இதுதானா அது?"

"ஆமாங்க."

"உங்கப்பன் வெடியால வந்து வாசல்ல நின்னான். என்னப்பா, மாடு கீடு ஏதாச்சும் ஆயிப்போச்சான்னேன். இல்லீங்க பண்ணாடி, பாப்பாளுக்குக் களத்துல கொஞ்சம் வெயிலு வேணுமுங்கன்னான்." சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "எடம் கேட்டு வருவாங்க, தட்டு கேட்டு வருவாங்க. வெயிலு கேட்டு வந்தவன் இந்தச் சுத்துப்பட்டுல உங்கப்பன் ஒருத்தன்தான். நானும் ரோசன பண்ணிப் பாத்தேன். சரி, எடுத்துக்கப்பான்னு சொல்லிப்போட்டேன்."

பலகையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினேன்.

"முச்சூடும் எடுத்துப்போடாத அம்மணி. கொப்பரைக்கும் சித்தே மிச்சம் வெய்யி."

"சரிங்க," என்றேன். வேறென்ன சொல்வது? ஒருவர் நம்மிடம் சிரித்துப் பேசும்போது வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகுதான் அது ஒரு பெற்றுக்கொள்ளல் என்று உறைத்தது. பலகையை விரிக்கக் குனிந்தபோது காது மடலெல்லாம் எரிந்தது. வெயில் இன்னும் ஏறவே இல்லை.

மத்தியானம் மாட்டுக் கொட்டகையில் அப்பாவைப் பிடித்தேன்.

"வெயிலை எதுக்குப்பா போய்க் கேட்டீங்க?"

"களம் அவிகளுதுதானே சாமி."

"களம் அவிகளுது. வெயிலு ஆருது?"

"அது களத்து மேலதானே உளுகுது."

"அப்பா, அது பொதுங்க. ஆரும் ஆருக்கும் குடுக்க முடியாது."

"கேட்டதுல என்ன கொறஞ்சுபோச்சு? நீ பாட்டுக்கு வேல பாத்துட்டு இருக்கறப்ப, எவனாச்சும் வந்து இதையெல்லாம் இங்க ஆரு வெக்கச் சொன்னாங்கன்னு கேட்டா? கேட்டுப்போட்டா சோலி முடிஞ்சுது."

"எனக்குத்தாங்க கொறஞ்சுபோச்சு."

அப்பாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காததை மறைக்க மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி அதே மாதிரியே கட்டினார். சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்புள்ள, நீ காலேசு போறதுக்குப் பஸ்ஸுக்குக் குடுத்துட்டிருந்தமே, அது என்ன மரத்துல காச்சுதா? அப்பயும் உங்கப்பன் போய் நின்னுதான் வாங்கியாந்தாரு. அன்னிக்குக் கொறையாதது இன்னிக்குக் கொறைஞ்சுபோச்சாமா."

நான் களத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கதை தோப்பைத் தாண்டிப் போக ஒரு நாள் கூட ஆகவில்லை. தோட்டத்துக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். காய் உரிக்க வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்கள். "ஏனுங்க அம்மணி, எங்கூட்டுத் துணி காயவே மாட்டீங்குது. பண்ணாடிகிட்டச் சொல்லி ஒரு மொழம் வெயிலு வாங்கிக் குடுங்களேன்." இன்னொருவர், "மொழமா? அதென்ன மல்லிப்பூவா? வெயிலெல்லாம் படியில அளக்கறதுங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரோட்டோர டீக்கடையில் அப்பாவுக்கு 'வெயில்காரர்' என்று பேர் விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "ஆமாங்க, கேட்டுத்தான் வாங்குனன்," என்று பல் தெரியச் சொல்வார். தம்மைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி. கொட்டகைக்குள் நான் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருவருடைய கால்சட்டை ஜிப்புக்காக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருப்பேன்.

வேலை என்னவோ நன்றாகத்தான் போயிற்று. காலையில் நான் வருவதற்குள் அப்பா ஈரத்துண்டால் பலகையைத் துடைத்து வைத்திருப்பார். இப்போது தொடப் பழகியிருந்தார். மயில்கள்தான் தொந்தரவு. கொப்பரை கொத்த வருகிறவை பலகையின் மேல் ஏறி நின்று தங்களைத் தாங்களே குனிந்து பார்க்கும். ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே இன்னொரு கையால் குச்சியை ஆட்டக் கற்றுக்கொண்டேன். கொப்பரை பரப்பும் நாட்களில் அப்பா பலகை அளவுக்கு ஓரிடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பரப்புவார். வெள்ளைப் பருப்புகளுக்கு நடுவில் அது ஒரு கறுப்புக் கட்டமாகக் கிடக்கும். அப்படி விட்டிருப்பதையும் அன்றன்றைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். "பாப்பாளுக்கு எடம் உட்டிருக்கறனுங்க."

தோட்டத்துக்காரருக்கு என்மேல் பெருமைதான். பெருந்துறையிலிருந்து சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்தால் தோப்பைக் காட்டுவார், புதுக் கிணற்றைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். "நம்ம ஆளு மவ. வெளிநாட்டுக்காரனோட எல்லாம் இங்கிலீசுல பேசுது. எல்லாம் நம்ம களத்து வெயிலுதான்." வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

"இதுல மிக்சி ஓடுமா கண்ணு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"ஓடாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு இது?"

எழுந்து நின்று பதில் சொல்வேன். அவர்கள் நகர்ந்த பிறகுதான் உட்காருவேன். யாரும் என்னை எழுந்திருக்கச் சொன்னதில்லை. உட்கார்ந்தபடியே பேசிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். முழங்கால் கேட்பதில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வேலைக்கு மறுபடியும் அந்த வராந்தாவுக்கும் பேப்பர் கப்புக்கும் போனேன். அதே சமயத்தில் கம்பெனியிலிருந்து நாள் குறித்துச் சொன்னார்கள். டீம் லீடரும் மேனேஜரும் வீடியோவில் பேசுவார்கள், அன்றைக்கே நிரந்தரம் உண்டா இல்லையா என்று முடிவு. மேனேஜர் வடக்கே எங்கேயோ இருப்பவர், தமிழ் தெரியாது. அந்தப் பேச்சை வராந்தாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். வெயில் வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

அன்று காலை வானம் கழுவி விட்டதுபோல வெளுத்தது. சீக்கிரமே களத்துக்குப் போய்ப் பலகையை விரித்தேன். டப்பாவில் கொஞ்சம் சார்ஜ்தான் இருந்தது. கொட்டகையில் சுவரைப் பார்த்துச் சேரைப் போட்டு, பின்னால் தென்னைகள் தெரியும்படி லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். நல்ல சுடிதார் போட்டிருந்தேன். மேனேஜர் முதலில் என் பதில்களைப் பற்றிப் பேசினார். ஒரு வாடிக்கையாளர் என் கடிதத்தைப் பாராட்டி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்.

அப்போதுதான் தோட்டத்துக்காரர் களத்துக்கு வந்தார். மழையில் கொப்பரை நனைந்து ஊறிப்போயிருந்தது. ஒரு நல்ல வெயில் காட்டாவிட்டால் பூசணம் பிடித்து அத்தனையும் வீணாகிவிடும். அவருடைய கவலை நியாயமானது.

"ஏப்பா, ஒரு பக்கம் விடாம முச்சூடும் பரப்பு. அந்தப் பலகையை இன்னிக்கு ஒரு நாளைக்கு அக்கட்ட எடுத்து வெய்யி."

அப்பா கூடையைக் கீழே வைத்தார். அவர் நின்றது எனக்குப் பின்னால். என்னுடைய சின்னப் படத்தில், என் தோளுக்கு மேலே, அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்குவதைத் திரையில் பார்த்தேன்.

"பண்ணாடி, இன்னிக்குப் பாப்பாளுக்கு முக்கியமான நாளுங்க. ஒரு மணி நேரம் மட்டும் வெயிலு குடுங்க சாமி. அப்பறம் நானே எடுத்துப்போடறனுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு மணி நேரமுங்க."

அவர் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். மாடுகளோடு பேசிப் பேசி வந்தது. மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு, பின்னால் யார், என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்தக் கோபக்காரருக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். டீம் லீடர்தான் முந்திக்கொண்டு மொழிபெயர்த்தாள். அவளுடைய அப்பாவாக இருக்கும், மகளுக்காக வெயில் கேட்கிறார் என்று.

மேனேஜர் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். பிறகு, எவ்வளவு அழகு என்றார்.

ஆங்கிலத்தில் அது அழகாகத்தான் இருந்தது. அந்த மொழியில் கக்கத்துத் துண்டு இல்லை, 'சாமி' இல்லை. யாரோ ஒரு தகப்பன் வானத்தைப் பார்த்துக் கை நீட்டுவதுபோல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் மட்டும் அதைத் தமிழில் கேட்டுக்கொண்டு, கேமராவுக்குச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். திரையில் ஆட்கள் இருப்பதைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார். "சரி சரி, இருக்கட்டும், எடுத்துக்கட்டும்," என்று தாராளமாகக் கையை ஆட்டினார். சொன்னது அப்பாவிடம். பார்த்தது திரையை.

ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு ஒலியை அணைத்தேன். களத்தில் இறங்கிப் பலகையை மடித்தேன். டப்பா ஒரு கையில், பலகை தோளில், லேப்டாப் நெஞ்சோடு.

"குடுத்துட்டாங்கல்ல சாமி," அப்பா பின்னாலேயே வந்தார். "உனக்குன்னு கேட்டு வாங்கிட்டனே. எதுக்கு எடுக்கற?"

"கொப்பரை போடுங்க," என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

தோப்பு வேலிக்கு அப்பால் இட்டேரி போகிறது. இரண்டு பக்கமும் கள்ளி முளைத்த வண்டித்தடம். அது யார் தோட்டத்துக்கும் சேராது. அங்கே நட்டநடுவில் பலகையை விரித்து, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலைக்கும் திரைக்குமாகப் போட்டுக்கொண்டு மீதியைப் பேசினேன். கேமராவை அணைக்காததால் நான் நடந்துவந்ததையெல்லாம் அவர்கள் பார்த்திருந்தார்கள். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னேன். கடைசியில் வாழ்த்துகள் என்றார். வேலை நிரந்தரம். டீம் லீடர் கை தட்டினாள். நானும் நன்றி சொன்னேன்.

திரும்பி வந்தபோது களம் முழுக்கக் கொப்பரை பரப்பியிருந்தது, ஓரிடம் தவிர. பலகை அளவுக்கு வெறும் சிமெண்டு. நான் மறுபடியும் வருவேன் என்று விட்டு வைத்தாரா, பண்ணாடி கொடுத்ததை நிரப்பக்கூடாது என்று விட்டு வைத்தாரா, நான் கேட்கவில்லை. வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னேன். அப்பா இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு என் தலையைத் தொட்டார். பிறகு, "இரு, பண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாரேன்" என்று கிளம்பினார். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தகுதி அன்று காலையோடு போய்விட்டதுபோல இருந்தது.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஒரு மெயில். எல்லா ஊர்க் கிளைகளுக்கும் அனுப்பும் மாத இதழில் என்னைப் பற்றி எழுதப் போகிறார்களாம். மகளுக்காக வெயில் கேட்ட தகப்பன் என்று மேனேஜரே எழுதுகிறாராம். பலகைக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிற மாதிரி ஒரு படம் மட்டும் வேண்டும். வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கோயில் நோம்பிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, தலையில் எண்ணெய் வைத்து, என் முன்னால் வந்து நின்றார்.

"எங்க நிக்கோணும் சாமி?"

களத்தில் பலகையை விரித்து, பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நேராக நின்றார். நன்றாக இருந்தார். அவர் அப்படி நிமிர்ந்து நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. போனைத் தூக்கினேன்.

"சித்தே இரு சாமி," என்றார் திடீரென்று. "அவிகளும் நிக்கோணுமல்லோ. வெயிலு குடுத்தவிக அவிகதானே."

"வேண்டாங்கப்பா."

"அது மொறையில்ல."

வேகமாக நடந்து போனார். தோட்டத்துக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "எதுக்கப்பா என்னையெல்லாம்," என்று சொல்லிக்கொண்டே பலகைக்கு நேர் நடுவில் நின்றார். அப்பா ஓரமாக ஒதுங்கினார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. "சிரிங்கப்பா," என்றேன். அவர் தோட்டத்துக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அழுத்தினேன்.

அன்று மத்தியானம் கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் சரி செய்யப் பார்த்தேன். தோட்டத்துக்காரரைக் கட்டத்துக்கு வெளியே தள்ளுவது சுலபமாக இருந்தது. ஒரு விரலால் இழுத்தேன், போய்விட்டார். மிச்சம் இருந்தது அப்பா மட்டும். அவர் கொஞ்சம் குனிந்து, துண்டை இடுக்கிக்கொண்டு, யாருமில்லாத பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இழுத்துத் தோட்டத்துக்காரரை உள்ளே கொண்டுவந்தேன். அப்போதாவது அந்தச் சிரிப்புக்கு ஓர் ஆள் இருந்தது.

இதழுக்கு நேரமாகிறது என்று கம்பெனியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளிச்சம் சரியாக விழவில்லை, வேறு எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன். "அனுப்பிப்போட்டயா சாமி? பாத்துட்டு என்ன சொன்னாங்க?" என்று அப்பா தினமும் கேட்கிறார்.